ஐந்து வாய்களும் ஒரு பித்தளைச் செம்பும்

காலை ஆறரை மணி. என் வீட்டு வாசலில் ஐந்து பேர் வரிசையாக நின்று, வாயைத் திறந்துகொண்டு வானத்தைப் பார்க்கிறார்கள்.

நான் மேல்படியில் நிற்கிறேன். இஸ்திரி போட்ட கால்சட்டை, மேலே வெறும் பனியன், கையில் காரைக்காலிலிருந்து கப்பலில் வந்த பித்தளைச் செம்பு. கீழே நிற்கும் முதல் ஆள் நாக்கில் மாத்திரையை வைத்துக்கொள்கிறார். நான் ஒரு முழ உயரத்திலிருந்து தண்ணீரை ஊற்றுகிறேன். பாதி வாய்க்குள் போகிறது, பாதி மூக்குக்குள் போகிறது. அவர் புரையேறி, இருமி, கண் சிவந்து, ஒருவழியாக விழுங்கிவிட்டு எனக்கு நன்றி வேறு சொல்லிவிட்டு நகர்கிறார். அடுத்த ஆள் அண்ணாந்து பார்க்கிறார்.

சைகோனில், கான் ஹோய் பகுதியில், கால்வாயை ஒட்டிய ஒரு சந்து அது. அந்த ஐந்து பேருக்கும் காசநோய். அவர்கள் தினமும் மாத்திரை விழுங்குவதைக் கண்ணால் பார்த்து அட்டையில் குறிக்க வேண்டிய ஆள் நான்.

இந்தத் தொடரில் நான் என் பெருமைகளை மட்டுமே அவிழ்த்து விட்டுக்கொண்டிருப்பதாகக் கும்பகோணம் வாசகர் ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். அவர் சொல்வது நியாயம்தான். இந்த வாரம் அவர் வயிறு குளிரட்டும்.

ஏழாம் அண்ணன்

அப்போது நான் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியை விட்டுப் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. போகிற அவசரத்தில் மேசை, நாற்காலி, மின்விசிறிகளோடு என்னைப் போன்ற காரைக்கால்காரர்கள் சிலரையும் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். புதிதாக வந்தவர்கள் சாமான் பட்டியலில் எங்களையும் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்த ஊரில் ஆட்களைப் பிறந்த வரிசை எண்ணால் கூப்பிடுவார்கள். அதிலும் தலைப்பிள்ளையே இரண்டு என்றுதான் தொடங்கும். எங்கள் சந்தில் மீன் கஞ்சி விற்றவள் 'சி நாம்', அதாவது ஐந்தாம் அக்கா. சிக்லோ என்கிற மூன்று சக்கர வாடகை வண்டி மிதித்தவர் 'சூ தாம்', எட்டாம் சித்தப்பா. இந்தியர்களுக்கு மட்டும் இந்த வரிசை எல்லாம் கிடையாது. அத்தனை பேரும் 'ஆன் பாய்', ஏழாம் அண்ணன். ஏன் ஏழு என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. வீட்டில் மூத்த மகனாகப் பிறந்து அதற்குரிய அதட்டலோடு வளர்ந்த நான், கப்பலை விட்டு இறங்கியதும் ஏழாவதாகிவிட்டேன். இதை அம்மாவுக்கு எழுதவே இல்லை.

கிராமங்களில் சண்டை. வாரா வாரம் யாராவது ஒரு குடும்பம் பானை சட்டியோடு வந்து இறங்கும். கால்வாயின் மேல் நாலு கம்பை நட்டுத் தகரம் போட்டால் வீடு. ஒரே அறையில் எட்டுப் பேர் படுத்திருப்பார்கள். எங்கள் தெருவில் இருமல் என்பது சேவல் கூவுகிற மாதிரி, கேட்டால்தான் விடிந்தது என்று எழுந்திருப்போம்.

அங்கேதான் மாசேர் லூசி வந்து சேர்ந்தார். கன்னியாஸ்திரிகளை மாசேர் என்று பிரெஞ்சில் சொல்வது எங்கள் காரைக்கால் பழக்கம். வியட்நாமியப் பெண். குள்ளம். ரப்பர் செருப்பு. நடந்தால் நாம் ஓட வேண்டும். இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன மருந்தகம் நடத்திவந்தார்.

நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். நேரே என்னிடம் வந்தார்.

"முசியே, இந்தச் சந்துல அஞ்சு பேருக்கு நெஞ்சுல நோய். ஆஸ்பத்திரியில படுக்கை இல்ல. ஊசியை நான் போட்டுடுவேன். மாத்திரை ஒன்றரை வருஷம் தினமும் உள்ள போகணும். கையில குடுத்தனுப்பினா ரெண்டு மாசத்துல நிறுத்திடறாங்க. கொஞ்சம் தெம்பு வந்ததும் வேலைக்கு ஓடிடறாங்க. திரும்ப வர்றப்ப அதே மருந்துக்கு நோய் கட்டுப்பட மாட்டேங்குது. புதைக்கத்தான் வேண்டியிருக்கு. யாராவது ஒருத்தர் எதிர்ல நின்னு விழுங்க வைக்கணும். நீங்க செய்வீங்களா?"

என் பிரெஞ்சுக்காகத்தான் என்னைத் தேர்ந்தெடுத்தார் என்று நினைத்து, உடனே சம்மதித்தேன். என் உச்சரிப்பைப் பற்றி அவர் ஏதாவது சொல்வார் என்று சில மாதங்கள் காத்திருந்தேன். சொல்லவில்லை. கடைசியில் நானே கேட்டுவிட்டேன், ஏன் என்னைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று.

"இந்தச் சந்துல யார் எங்க போறாங்க, எப்ப வர்றாங்கன்னு நாள் பூரா வாசல்ல நின்னு பார்க்கிற ஆள் நீங்க ஒருத்தர்தான் முசியே. ஒருத்தர் வரலைன்னா உங்களுக்குத் தெரியாம இருக்காது" என்றார்.

காந்திமதி உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டே சிரித்தது எனக்குக் கேட்டது. காந்திமதி என் மனைவி. அவளைப் பற்றி முந்தைய வாரங்களில் நிறைய எழுதி, வீட்டில் நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

என் அபார யோசனை

முதல் நாளே மாசேர் தெளிவாகச் சொல்லிக் கொடுத்தார். இந்த நோய் கோப்பையிலிருந்து வராது, தட்டிலிருந்து வராது. இருமும்போது காற்றில் வரும். அதனால் நேர் எதிரே நிற்காதீர்கள், பக்கவாட்டில் நில்லுங்கள், இந்த முகத்துணியைக் கட்டிக்கொள்ளுங்கள் என்றார்.

நான் படித்தவன் தலையாட்டுகிற மாதிரி தலையாட்டினேன். ஒரு வார்த்தையும் நம்பவில்லை. முகத்துணியைக் கட்டினால் நான் போடும் உத்தரவு சரியாகக் கேட்காது என்று அதை ஆணியில் மாட்டினேன்.

எனக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று. எச்சில்.

நோய் இருக்கட்டும், இல்லாமல் போகட்டும், இன்னொருவர் வாய் வைத்த தம்ளர் நமக்கு எச்சில். காரைக்காலில் பெற்ற பிள்ளை வாய் வைத்தால்கூடக் கழுவி வைப்போம். இங்கே ஐந்து பேர், தினமும், ஒன்றரை வருடம், என் வீட்டுத் தம்ளரில்! அலுவலகத்தில் சரக்குப் பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டு அன்று பூராவும் யோசித்தேன். சாயங்காலம் வழி கிடைத்தது.

"எல்லாரையும் அண்ணாந்து குடிக்க வச்சிட்டா?"

காந்திமதி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அவங்களுக்கு அண்ணாந்து குடிக்கத் தெரியுமா?"

"பழகிக்குவாங்க."

"பச்சப் புள்ளைக்குச் சங்குல மருந்து ஊத்துற மாதிரி நீங்களே ஊத்தப் போறீங்களாக்கும்?"

"ஏன், ஊத்துனா என்ன?"

"ஒண்ணுமில்ல. செம்பப் பளபளன்னு தேச்சு வைக்கிறேன். சாமி எழுந்தருள்றப்ப மங்கலா இருக்கக் கூடாது."

அப்படித்தான் தொடங்கியது. அவர்கள் காலங்காலமாக வாய் வைத்துக் குடிக்கிறவர்கள். தலையைப் பின்னால் சாய்த்தால் மூச்சை எப்போது விடுவது, தொண்டையை எப்போது திறப்பது என்று தெரியவில்லை. ஒருவர் பாக்கி இல்லாமல் புரையேறும். அதுவும் அந்தப் பெரிய மாத்திரைகள் இருக்கின்றனவே, ஒரு வேளைக்கு ஒரு கைப்பிடி. கசப்பு என்றால் அப்படி ஒரு கசப்பு, வயிற்றையும் பிரட்டும். அதைத் தொண்டையில் வைத்துக்கொண்டு என் நீர்வீழ்ச்சியையும் சமாளிக்க வேண்டும்.

சி நாமுக்கு முதல் நாள் புரையேறியபோது நான் மேல்படியிலிருந்தே, "எங்க ஊர்ல புரையேறினா யாரோ நினைக்கிறாங்கன்னு அர்த்தம்" என்றேன். ஏதோ ஆறுதலாக இருக்கட்டும் என்று.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்ப என் பொண்ணுதான்" என்றாள்.

அவள் குச்சி என்ற ஊரிலிருந்து வந்தவள். சண்டையில் வீடு போய், புருஷனும் போய், ஒரே மகளோடு கான் ஹோய்க்கு வந்தவள். நோய் என்று தெரிந்ததும் மகளை, பின் யுவோங் என்ற ஊரில் இருந்த அக்கா வீட்டில் விட்டுவிட்டாள். சிகிச்சை முழுதாக முடிந்தது என்று மாசேர் சொன்னால்தான் பெண்ணை அனுப்புவேன் என்று அக்கா கறாராகச் சொல்லியிருந்தாள். அதனால் ஐந்து பேரில் அட்டையை ஒவ்வொரு நாளும் எட்டிப் பார்த்து, கட்டங்களை எண்ணுகிறவள் அவள் ஒருத்திதான்.

புரையேறினால் தலையில் தட்ட வேண்டும் அல்லவா? நான் தட்டவில்லை. தொட வேண்டுமே. காந்திமதி உள்ளேயிருந்து ஈரக் கையோடு வந்து, படியிறங்கி, சி நாமின் உச்சந்தலையில் மூன்று முறை தட்டிவிட்டுப் போனாள்.

தீர்த்தம்

இங்கே சூ தாம் விஷயத்தைச் சொல்லாமல் போனால் பாவம். மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, அழகாகத் தொண்டையை அசைத்துக் காட்டி, பின்னால் போய்த் துப்பிவிடுவார். கசப்பு பொறுக்கவில்லை. துப்பியதைத் தூக்கிப்போட மனசும் இல்லை, மாசேர் சும்மா கொடுத்த பொருள். அதனால் ஓலைத் தொப்பியின் உள்வாரில் செருகி வைப்பார். ஒரு நாள் மாசேரைப் பார்த்ததும் மரியாதைக்குத் தொப்பியைக் கழற்றிக் குனிந்தார். மாசேரின் செருப்பைச் சுற்றிலும் மாத்திரைகள் உதிர்ந்தன.

"முசியே, நீங்க பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?" என்றார் மாசேர்.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், செம்பில் அவர் எச்சில் தெறிக்கிறதா என்று.

அதன் பிறகு வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிக் குனிந்து பார்க்கத் தொடங்கினேன். முகத்துக்கு நேரே முகம். என் கடமை உணர்ச்சியை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்று மாதத்தில் ஐந்து பேருக்கும் முகம் தெளிந்தது. சூ தாம் மறுபடி வண்டி மிதித்தார். மருந்து வேலை செய்தது, அவ்வளவுதான். சந்துக்காரர்கள் அப்படி நினைக்கவில்லை. இந்தியன் ஒருவன் விடிகாலையில் படியேறி நின்று, பொன்னைப் போல் மின்னும் பாத்திரத்திலிருந்து, தொடாமல், உயரத்திலிருந்து தண்ணீர் விடுகிறான். நோயாளிகள் எழுந்து நடக்கிறார்கள். நம்மவர்கள் அங்கே கட்டியிருந்த கோயிலுக்கு வியட்நாமியர்கள் நம்மைவிடப் பக்தியாக வந்து ஊதுவத்தி ஏற்றுகிற ஊர் அது. சேர்த்துப் பார்த்துக்கொண்டார்கள்.

ஒரு கர்ப்பிணிப் பெண் வந்து வரிசையில் நின்றாள். நான் ஊற்றினேன். முழங்கால் வலிக்காரர் ஒருவர் வந்தார். ஊற்றினேன். விக்கல் நிற்காத முடிதிருத்துபவர் ஒருவர் வந்தார். அவருக்கு விக்கல் நின்றுவிட்டது, அதைப் பார்த்து எனக்கே கொஞ்சம் சந்தேகம் வந்தது. ஒரு வேளை ஏதாவது இருக்குமோ?

மாசேர் ஒரு காலை வந்து தலைகளை எண்ணினார். "என் பட்டியல்ல அஞ்சு பேர். இங்க ஒன்பது பேர் நிக்கிறாங்களே?"

நான் செம்பை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன்.

"இந்தப் பாத்திரம் எதுக்கு? கோப்பை இல்லையா வீட்டுல?"

எங்கள் வழக்கம், சுத்தம், பாரம்பரியம் என்று பிரெஞ்சில் எனக்குத் தெரிந்த நீளமான சொற்களை எல்லாம் போட்டு ஒரு வாக்கியம் அமைத்தேன். அவருக்கு வேறு நாலு சந்துகள் பார்க்க வேண்டியிருந்தது. "பக்கவாட்டில் நில்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினார்.

கால்வாய்ப் பலகை

சி நாமின் கஞ்சியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குழைய வெந்த அரிசி, வெள்ளை மீன், மெல்லிசாக அரிந்த இஞ்சி, மேலே வெங்காயத்தாள். நோய் என்று தெரியும் முன்பு, தினமும் அலுவலகம் போகும் வழியில் சந்து முனையில் குந்தி உட்கார்ந்து ஒரு கிண்ணம் சாப்பிடுவேன். நான் கேட்காமலே எனக்கு மட்டும் இரண்டு பங்கு மிளகு தூவுவாள். நான் கிண்ணத்தை விரலால் வழித்து நக்குவதைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

மாசேர் அவளை முதல் சில மாதங்கள் வியாபாரம் செய்யக் கூடாது என்று நிறுத்தி வைத்திருந்தார். சளியைச் சோதித்துப் பார்த்து, இனி பயமில்லை, அடுப்பு மூட்டலாம் என்று சொன்ன அன்று அவள் என் வாசலில் வந்து, "நாளைக்குக் கஞ்சி உண்டு ஆன் பாய். மிளகு வாங்கி வச்சிட்டேன்" என்றாள்.

மறுநாள் நான் சந்து முனை வழியாகப் போகவில்லை. பின்பக்கமாக, கால்வாய் மேல் போட்டிருந்த பலகை வழியாகச் சுற்றிப் போனேன். அடுத்த நாளும் அப்படியே. வயிறு சரியில்லை என்று சொல்லி வைத்தேன். ஒரு வாரம் ஓடியது.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, பலகை ஒன்று உளுத்திருந்தது. வலது கால் தொடை வரை உள்ளே போய்விட்டது. ஒரு கையில் மதியச் சாப்பாட்டுத் தூக்கு, மறு கையில் குடை, இஸ்திரி போட்ட கால்சட்டை, கீழே கான் ஹோய் முழுவதின் கழிவும் ஓடும் கறுப்புத் தண்ணீர். என் கத்தலைக் கேட்டு முதலில் ஓடி வந்தவள் கையில் கரண்டியோடு சி நாம்தான். அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். சப்பாத்து ஒன்று கால்வாயோடு போய்விட்டது.

நான் ஏன் அந்தப் பலகையில் இருந்தேன் என்று அவள் கேட்கவில்லை. சந்து முனையைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கரண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த நாள் காலை என் வாசலில் நாலு வாய்கள்தான் இருந்தன.

கேள்வி

மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் குடிசைக்குப் போனேன். மாத்திரை டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன், அட்டையையும்.

"இப்ப நிறுத்தினா திரும்பி வந்துடும் சி நாம். மருந்து கேட்காது. பொண்ணை நினைச்சுப் பாருங்க."

"நினைச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள். மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள், நிமிரவில்லை. "உங்க வீட்டுப் படியில தினமும் நிக்கிறப்ப எல்லாம் நினைச்சேன். இந்த ஆளு எனக்கு மருந்து குடுக்கலை, தூர நின்னு கழுவி விடுறாருன்னு."

"அது எங்க வழக்கம். வீட்டுலயே நாங்க அப்படித்தான் குடிப்போம். என் மனைவியைக் கேளுங்க."

"சரி. அது வழக்கம். கஞ்சி?"

நான் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"பலகை மேல ஏறி ஓடுறது? அதுவும் உங்க ஊர் வழக்கமா ஆன் பாய்?"

கப்பல் கம்பெனியில் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர். அந்தக் கேள்விக்கு இன்று வரை ஒரு பதில் எழுத எனக்கு வரவில்லை. டப்பாவை அங்கே வைத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் அது என் படியில் இருந்தது.

ஒரு மாதம் போல ஆயிற்று. மாசேர் போய்ப் பேசினார். காந்திமதி போய்ப் பேசினாள். "உடம்பு நல்லாத்தான் இருக்கு" என்று இரண்டு பேரையும் சி நாம் அனுப்பிவிட்டாள். பிறகு ஒரு நாள் தண்ணீர்க் குழாயடியில் அவள் இருமுவதைக் கேட்டேன். பழைய இருமல். அடிவயிற்றிலிருந்து வருவது. அவள் அட்டையில் காலிக் கட்டங்கள் வரிசையாக இருந்தன. அந்தக் கட்டங்களைப் பார்க்கும்போதெல்லாம் பின் யுவோங்கில் காத்திருக்கும், நான் பார்த்தே இராத அவள் மகளின் முகம் கண்முன் வந்தது. சி நாம் செத்தால் அது என்னால்தான் என்று எனக்குப் பயமாக இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

அதே சமயம் எனக்கும் ஒரு இருமல் இருந்தது. மழைக்காலம், மின்விசிறி, தாளித்த புகை என்று மூன்று காரணங்கள் கைவசம் வைத்திருந்தேன். கால்சட்டை இடுப்பில் நழுவியபோது வாரில் புதுத் துளை போட்டேன். காந்திமதிதான் மாசேரைக் கூட்டிவந்து வாசலில் நிறுத்தினாள்.

படம்

மார்புப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து மாசேர் வெகுநேரம் பார்த்தார். வலது பக்கம் மேலே ஒரு வெள்ளைத் திட்டு.

"எப்படி மாசேர்?" என்றேன். "ஒருத்தர் வாயும் என் செம்புல பட்டதில்ல."

"முசியே, நான் என்ன சொன்னேன்? பக்கவாட்டில் நில்லுங்க, முகத்தை மூடுங்கன்னு சொன்னேன். நீங்க என்ன செஞ்சீங்க? அஞ்சு பேரையும் மேல பார்த்து வாயைத் திறக்க வச்சீங்க. நேர் மேல நின்னுக்கிட்டீங்க. மூக்குல தண்ணி ஊத்தி இரும வச்சீங்க. அப்புறம் குனிஞ்சு நாக்குக்கு அடியில பார்த்தீங்க. இருபது வருஷமா இந்த வேலையில இருக்கேன். இவ்வளவு முறையா நோயை வாங்கிக்கிட்ட ஆளை நான் பார்த்ததில்ல."

பிறகு மனம் கேட்காமல், "ஊர் பூரா இருக்கு, வேற எங்கேருந்தும் வந்திருக்கலாம்" என்று சேர்த்துக்கொண்டார். எனக்கு முதலில் சொன்னதுதான் சரியாகப் பட்டது.

அலுவலகத்தில் மூச்சுக்குழல் கோளாறு என்று சொல்லி விடுப்பு எடுத்தேன். செய்தி எனக்கு முன்னால் போயிருந்தது. கணக்கைக் கொடுக்கப் போன அன்று, தேநீர் கொண்டுவரும் ஆள் எனக்கு மட்டும் தனிக் கோப்பையில் கொண்டுவந்து வைத்தான். கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டியிருந்தது. வைத்துவிட்டு, சிரித்துவிட்டு, இரண்டடி பின்னால் போனான். அவனைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? தேநீரைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். தெருவில் நடந்து வரும்போது அவமானத்தில் எனக்கு அழுகை வந்தது. முதலில் எனக்காக அழுதேன். ஆற்றுப் பாலம் வந்தபோது சி நாமுக்காக அழுதுகொண்டிருந்தேன்.

இப்போது நான் விழுங்குவதை யார் பார்ப்பது? காந்திமதி என்று சொன்னேன். "வீட்டு ஆள் வேணாம். அதட்டி ஏமாத்திடுவீங்க" என்று சொல்லிவிட்டு மாசேர் எங்கேயோ போனார். போன இடத்தில் நடந்ததைப் பிறகு அவரே சொன்னார்.

"ஆன் பாய்க்கா?" என்று கேட்டாளாம் சி நாம். சிரித்தாளாம். சிரித்து, அது இருமலாகி, அடங்க வெகுநேரம் ஆயிற்றாம். பிறகு, "நான் பார்த்துக்கிறேன்" என்றாளாம்.

"அப்படின்னா தினமும் வரணும். வர்றப்ப உன் மாத்திரையையும் அங்கேயே போட்டுக்க" என்றாராம் மாசேர், ஏதோ அப்போதுதான் தோன்றியது போல.

"சரி. ஆனா செம்பு என் கையிலதான் இருக்கும்."

கீழ்ப்படி

முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன், வாசகர்கள் அடுத்த வாரம் வரை தவிக்க வேண்டாம். விட்டுப்போன நாட்களுக்காகச் சி நாம் மறுபடி முதல் கட்டத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. கூடுதலாக ஊசி. ஒரு காலைகூடத் தவறாமல் வந்தாள். நான் இரண்டு முறை வயிற்றுப் பிரட்டலுக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் புகுந்தபோதும் வந்தாள், காலைப் பிடித்து இழுத்தாள். இரண்டு அட்டைகளும் அடுத்தடுத்த வாரங்களில் நிறைந்தன. பின் யுவோங் பேருந்திலிருந்து அவள் மகள் ஒரு கோழியையும் கையில் பிடித்துக்கொண்டு இறங்கியதை நானும் காந்திமதியும் போய்ப் பார்த்தோம்.

ஆனால் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது அந்த முதல் நாள் காலைதான்.

ஆறரை மணிக்குச் சி நாம் வந்தாள். படியில் உட்கார்ந்து, காந்திமதி கொடுத்த தம்ளரில் வாய் வைத்துத் தன் மாத்திரைகளை ஒவ்வொன்றாக விழுங்கினாள். தம்ளரைக் கீழே வைத்தாள். செம்பை வாங்கிக்கொண்டு மேல்படியில் ஏறினாள்.

"கீழ நில்லுங்க."

நின்றேன். சந்தே வேடிக்கை பார்த்தது. சூ தாம் வண்டியை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

உண்மையைச் சொன்னால் எனக்குப் பயமே இல்லை. பால்குடி மறந்த நாளிலிருந்து அண்ணாந்து குடிக்கிறவன் நான். எனக்கா புரையேறும்? எப்படிக் குடிப்பது என்று இவர்களுக்கு ஒரு தடவை காட்டிவிடலாம் என்றுகூட நினைத்தேன். நாக்கில் மாத்திரையை வைத்துத் தலையைச் சாய்த்தேன்.

கீழேயிருந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இரண்டு தகரக் கூரைகளுக்கு நடுவே துண்டு வானம். செம்பின் அடிப்பாகம். அதற்கும் மேலே எங்கேயோ ஒரு முகம். தண்ணீர் எப்போது விழும் என்பது ஊற்றுகிறவருக்கு மட்டும்தான் தெரியும்.

அவள் ஊற்றினாள். மூக்கில் ஏறியது. கசப்பு உச்சி வரை போயிற்று. என்னால் அடக்க முடியவில்லை. அவள் முகத்துக்கு நேரே, லொக்கு லொக்கென்று, நிறுத்தாமல் இருமினேன்.

எல்லாரும் பின்னால் நகர்ந்தார்கள். சி நாம் நகரவில்லை. கழுத்தில் கிடந்த கட்டம் போட்ட துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். செம்பைப் படியில் வைத்தாள். இறங்கி வந்து, காந்திமதி அவளுக்குச் செய்த மாதிரியே, என் உச்சந்தலையில் மூன்று முறை தட்டினாள்.

"யாரோ நினைக்கிறாங்க ஆன் பாய்."

பிறகு தான் குடித்து மிச்சம் வைத்திருந்த தம்ளரை எடுத்து என் கையில் கொடுத்தாள். விளிம்பில் அவள் உதடு பட்ட ஈரம் இருந்தது. காந்திமதி கதவருகில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் வாய் வைத்துக் குடித்தேன்.

"நிறுத்தாதீங்க" என்றாள் சி நாம். "இன்னும் எட்டு மாத்திரை இருக்கு."